கண்ணாடியை இறக்கு

மர்பி டவுன்
2 பிப்ரவரி 2025

ஆதி,

உன் நம்பரை பிளாக் செய்திருக்கிறேன் என்று தெரிந்ததும் என் தம்பி முகேஷ் போனுக்கு மெசேஜ் அனுப்ப ஆரம்பித்துவிட்டாய். அவன் என்னிடம் காட்டுவதற்குள் பாதியை நீயே அழித்துவிட்டாய். அனுப்புவது, அழிப்பது, மறுபடி வேறு மாதிரி அனுப்புவது. எதைச் சொன்னாய், எதைச் சொல்லவில்லை என்று எனக்கும் தெரியவில்லை, உனக்கும் தெரியாது.

அதனால்தான் காகிதம். போன் வேண்டாம், இங்கே அம்மா வீட்டுக்கு நேரிலும் வராதே. நம் பக்கத்து வீட்டு பியாட்ரிஸ் அக்கா ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு இந்தப் பக்கம்தான் வருகிறாள். எழுதினால் அவளிடம் கொடு. ஜீவனஹள்ளியிலிருந்து மர்பி டவுனுக்கு ஆட்டோவில் வந்துவிடலாம், ஒரே ஊரில் இந்தத் தூரத்துக்குப் புருஷன் பெண்டாட்டி கடிதம் எழுதிக்கொள்கிறோம். பியாட்ரிஸ் அக்கா சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

தரங்கம்பாடி போகிறோம், யெஸ்டி பைக்கில், சின்னச் சின்ன ரோடாகப் பிடித்துக் கடல் வரைக்கும் போகிறோம் என்று லேபில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டு லீவு எடுத்தேன். கடல் போட்டோ எங்கே என்று தினமும் கேட்கிறார்கள். அரூருக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சர் கடை வாசலில் பஸ்ஸை நிறுத்தி ஏறித் தனியாக வந்தேன் என்று அவர்களிடம் சொல்ல முடியாது. உனக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன். யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல். உனக்குத்தான் பொய் வராமல் இல்லையே.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்தப் பஞ்சர் கடைப் பெரியவர் "யாருப்பா இது" என்று என்னைக் காட்டிக் கேட்டாரே, அதற்கு நீ என்ன சொன்னாயோ அதை அதே வார்த்தைகளில் எழுது. விளக்கம் வேண்டாம். உன் கையெழுத்தில் அதைப் பார்த்தால், வீட்டுக்கு வருவதா வேண்டாமா என்று யோசிப்பேன். எழுதாவிட்டால் யோசிக்க ஒன்றுமில்லை.

சங்கமித்ரா


ஜீவனஹள்ளி
9 பிப்ரவரி 2025

மித்ரா,

நான் கடைசியாக எழுதியது பள்ளிக்கூடத்து லீவ் லெட்டர். அதிலும் காய்ச்சல்தான். பீன்யா கம்பெனியில் மெஷினில் நம்பர் தட்டித் தட்டி, பேனா பிடிக்கவே விரல் மறந்துவிட்டது. தப்பு இருந்தால் சிரிக்காதே. சிரித்தாலும் சந்தோஷம்தான்.

நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை. கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் புக் செய்ய உன் நம்பர்தான் கொடுத்திருக்கிறோம், நீ என்னை பிளாக் செய்ததில் நான் டீ கூடக் குடிக்க முடியவில்லை. அப்பா போட்டோவுக்கு நீ வைக்கும் பூவை இப்போது நான் வைக்கிறேன். கோணலாக நிற்கிறது.

பஞ்சர் கடையில் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். முன்பின் தெரியாத ஆள், வெயில், டியூபில் ஆணி, டென்ஷன். தெரிந்தவர்கள் என்கிற மாதிரி ஏதோ சொல்லியிருப்பேன். அதற்காக அத்தனை பேர் எதிரில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவதா? நான் கத்தினேன், நீ திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருஷத்தையும் அளக்கிறாய்.

அந்தப் பயணத்தில் வேறு ஒன்றுமே நடக்கவில்லையா? ஆனேக்கல் தாண்டினதும் நீ பாட ஆரம்பித்தாயே, தளி வரைக்கும் நிறுத்தவில்லை. தேன்கனிக்கோட்டையில் இட்லிக் கடைக்காரர் கன்னடத்தில் கேட்க, நீ தமிழில் சொல்ல, அவர் தெலுங்கில் சில்லறை கேட்டாரே. அஞ்செட்டிக் காட்டுக்குள் நீ என் முதுகில் சாய்ந்து தூங்கிவிட்டாய். விழுந்துவிடப் போகிறாய் என்று உன் கையை என் இடுப்போடு பிடித்துக்கொண்டு ஒரே கையால் ஓட்டினேன். அந்த ரோட்டில் ஒரு கையால் யெஸ்டி ஓட்டிப் பார், தெரியும்.

உனக்காகப் புது ஹெல்மெட் வாங்கினேன், கறுப்புக் கண்ணாடி வைத்தது. வார் உனக்கு மாட்டத் தெரியவில்லை என்று ஒவ்வொரு முறையும் நானே உன் தாடைக்குக் கீழே மாட்டிவிட்டேன். தூசி வந்தபோதெல்லாம் கண்ணாடியை இறக்கு, கண்ணாடியை இறக்கு என்று சொல்லிக்கொண்டே வந்தேன். உன் கண்ணில் ஒரு பொடி விழக்கூடாது என்று பார்த்தவன் நான். அதையும் கொஞ்சம் யோசி.

வீட்டுக்கு வா.

ஆதி


மர்பி டவுன்
16 பிப்ரவரி 2025

ஆதி,

நான் கேட்டதை எழுதவில்லை. பரவாயில்லை, தூசியைப் பற்றி நீயே ஆரம்பித்தாய். நல்லதாகப் போயிற்று.

அஞ்செட்டிக்கு முன்னால் ரோடு வெட்டிப் போட்டிருந்தார்கள். மண் லாரி முன்னால் போக, அந்தச் செம்மண் புழுதி பூராவும் என் முகத்தில்தான். அன்றைக்கு நீ கண்ணாடியை இறக்கச் சொல்லவில்லை. எனக்கு இருமல் வந்து வண்டியை நிறுத்தச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் கொடுத்தாய். கண்ணாடி என்று ஒன்று இருப்பதே உனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை.

பென்னாகரத்தில் லாட்ஜில் தங்கிவிட்டு மறுநாள் கிளம்பினோம். அதற்குப் பிறகுதான் உனக்குத் தூசி தெரிய ஆரம்பித்தது. அரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு முறை. அந்தப் பால் சொசைட்டி வாசலில், ஆட்கள் கேனோடு நின்றுகொண்டிருந்த இடத்தில், ஒரு முறை. ஏரிக்கரையில் ஒரு முறை. மூன்று இடத்திலும் தார் ரோடு, கழுவி விட்ட தரை மாதிரி. நான் ஒவ்வொரு முறையும் இறக்கினேன். உன் முதுகில் கன்னத்தை வேறு வைத்துக்கொண்டேன். என் மேல் இவ்வளவு கரிசனமா என்று மனசு நிறைந்துபோய் உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்கிறாயா? பஞ்சர் கடையில் ஏறின பஸ் ஊருக்குள் போயிற்று. கண்டக்டர் "வேப்பமேடு யாருப்பா, எறங்கு" என்றார். வேப்பமேடு. மாமா வாயிலிருந்து எத்தனை முறை கேட்ட பெயர். இன்சுலின் ஊசி போடும்போது வலி தெரியாமல் இருக்க அவரைப் பேச விடுவேன், அவர் பேசுவது உங்கள் ஊர்க் கிணற்றைப் பற்றித்தான். படிக்கட்டு இல்லாத கிணறு, மேலே ஒரு புளியமரம், கிளையிலிருந்து குதிப்பார்களாம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் கிணறும் இருக்கிறது, மரமும் இருக்கிறது.

அந்தக் கிணற்றைத்தானே ஏரிக்கரையில் வண்டியை மெதுவாக்கி, "அங்க பாரு, பெரிய கெணறு" என்று கையை நீட்டிக் காட்டினாய்? நான் என்ன சொன்னேன் தெரியுமா? "யாரோட கெணறு?" என்றேன். "யாரோடதோ" என்றாய். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து என் மாமனாரின் ஊரை நான் வேடிக்கை பார்த்தேன்.

சின்ன ரோடு, சின்ன ரோடு என்று மேப்பில் விரலை வைத்துத் தேடினாயே. ஹைவேயில் போனால் ஊர் தெரியாது மித்ரா, மனுஷங்க தெரியமாட்டாங்க என்றாயே. அரூருக்கு அப்புறம் மனுஷர்களுக்குத் தெரியாமல் போகத்தான் சுற்றினோம். ஊருக்குள் போகாமல் ஏரிக்கரையைப் பிடித்தோம்.

இதில் எனக்குச் சிரிப்பு வருவது ஒரே ஒரு விஷயத்தில். என் முகத்தை அத்தனை பத்திரமாக மூடினாய். போனதோ உன் அப்பாவின் யெஸ்டியில். அந்த நீலப் பெட்ரோல் டேங்க், அந்த இரட்டைச் சைலன்ஸர், அந்தச் சத்தம். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் இருபது வருஷம் அந்த ஊருக்குப் போய் வந்த வண்டி. பெரியவர் கடைக்குள் டயர் கழற்றிக்கொண்டிருந்தவர், திரும்பிப் பார்ப்பதற்கு முன்னாலேயே "முனிரத்தினம் வண்டியாச்சே இது" என்றார். முன்பின் தெரியாத ஆள் என்று எழுதியிருக்கிறாய். உன்னை "ஆதிகேசவா" என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

ஹெல்மெட்டைக் கழற்றி முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தேன், அவர் நம் ஆள் என்று. அப்போதுதான் நீ அதைச் சொன்னாய். என் பெயரைக்கூட விடவில்லை.

எழுது ஆதி. அதே வார்த்தைகள்.

சங்கமித்ரா


ஜீவனஹள்ளி
23 பிப்ரவரி 2025

மித்ரா,

நீ வக்கீலுக்குப் படித்திருக்கலாம். லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டு வீணாய்ப் போகிறாய். இங்கே சொன்னாய், அங்கே சொல்லவில்லை என்று கணக்கு எடுத்து என்னைக் கூண்டில் நிறுத்திவிட்டாய். சரி, நிற்கிறேன்.

ஆமாம், உன்னை மறைத்தேன். போதுமா?

உனக்கு மர்பி டவுன்தான் உலகம். உன் தெருவில் எல்லோரும் உன் ஆட்கள், உன் வீட்டில் புத்தர் படம், உன் அப்பா மேடையில் பேசுகிறவர். சங்கமித்ரா என்று பெயர் வைத்துத் தலையை நிமிர்த்தி நட என்று வளர்த்தார்கள். வேப்பமேட்டில் அந்தப் பெயரைச் சொன்ன மறு நிமிஷம் அடுத்த கேள்வி என்ன வரும் என்று உனக்கே தெரியும். நான் ஒன்பதாவது படிக்கும்போது லீவுக்கு ஊருக்குப் போயிருந்தேன். எங்கள் தெருப் பையன் ஒருவன் உங்கள் ஆட்களில் ஒரு பெண்ணோடு ஓசூர் போய்விட்டுத் திரும்பினான். பஸ்ஸை விட்டு இறங்கினதும் பிடித்தார்கள். நான் பார்த்தேன். அவன் இன்றைக்கும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறான். அந்தப் பெண்ணை என்ன செய்தார்கள் என்று நான் எழுதமாட்டேன். நீ பார்த்ததில்லை, அதனால் உனக்கு வீம்பு பேசுவது சுலபம்.

அப்பாவும்தான் பயந்தார். ஊருக்குத் தெரிய வேண்டாம், தன் தங்கை எல்லம்மா அத்தைக்கு மட்டும் தெரியவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். அவர் போன பிறகு நான் அதை மீற முடியுமா?

அப்படியானால் அந்தப் பக்கம் ஏன் கூட்டிக்கொண்டு போனாய் என்று கேட்பாய். எனக்கு உன்னை அந்தக் கிணற்றைப் பார்க்க வைக்க வேண்டும் என்று இருந்தது. அவ்வளவுதான். கிட்டே போய்க் காட்ட முடியாது, தூரத்திலிருந்தாவது நீ பார்க்கட்டும் என்று நினைத்தேன். இதைவிட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நீ கேட்டது: "கூட வேலை செய்யிறவரோட வீட்டுக்காரம்மா" என்று சொன்னேன். எழுதிவிட்டேன், பார்த்துக்கொள்.

யுகாதி முடியட்டும். நானே அத்தையிடம் பக்குவமாகப் பேசி, ஹைவேயிலேயே, கண்ணாடியை ஏற்றிவிட்டு, உன்னைக் கூட்டிக்கொண்டு போகிறேன். கொஞ்சம் பொறு. இப்போது வீட்டுக்கு வா. எனக்குத் தனியாக இருக்க முடியவில்லை மித்ரா.

ஆதி


மர்பி டவுன்
9 மார்ச் 2025

ஆதி,

போன ஞாயிறு நான் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை. நீ சொன்ன அந்தப் பையனின் காலை நினைத்துக்கொண்டே இருந்தேன். அது பொய் இல்லை என்று எனக்குத் தெரியும். பயந்தவனைப் போய் இவ்வளவு பேசினோமே என்று வருத்தமாக இருந்தது. பையை எடுத்து வைத்துக்கூடப் பார்த்தேன், வீட்டுக்கு வந்துவிடலாம் என்று.

ஆனால் யுகாதிவரை பொறுக்க முடியவில்லை. நேற்று முகேஷின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வேப்பமேட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

பாதி தூரம் நான், பாதி தூரம் நீ என்று சொல்லித்தான் என்னைப் பயணத்துக்குக் கிளப்பினாய். ஒரு தடவையும் யெஸ்டி சாவியைக் கொடுக்கவில்லை, காடு, மலை, லாரி என்று ஏதோ ஒன்று. நான் நன்றாகவே ஓட்டுகிறேன். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி, ஹைவேயிலேயே போனேன். பயமில்லை என்று சொல்லமாட்டேன். அம்மாவிடம் மத்தியானத்துக்குள் போன் செய்யாவிட்டால் முகேஷைப் போலீசோடு அனுப்பு என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

எல்லம்மா அத்தை வாசலில் புளி உடைத்துக்கொண்டிருந்தாள். மாமாவின் அதே நெற்றி. வண்டியை நிறுத்தி, "என் பேரு சங்கமித்ரா. முனிரத்தினத்தோட மருமக" என்றேன்.

"தெரியும். அண்ணன் போட்டோ காட்டியிருக்காரு" என்றாள்.

எப்போது காட்டினார் தெரியுமா? நமக்குக் கல்யாணமான வருஷமே. தனியாக வந்து, தங்கை கையைப் பிடித்துக்கொண்டு அழுதாராம். ஆறு மாசம் அவள் அவரோடு பேசவில்லையாம், அப்புறம் பேசினாளாம். அத்தைக்குத் தெரியவே கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கினாரா? எந்த மாமா அது?

உட்காரச் சொன்னாள். காபி வந்தது. அவளுக்கு ஸ்டீல் டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில். பஸ் ஸ்டாண்டிலும் பந்தியிலும் பார்க்கிற கப்தான், வீட்டில் எதற்கு வாங்கி வைத்திருக்கிறாள் என்று கேட்கத் தேவையில்லை. நான் தொடவில்லை. "அத்தை, உங்களது மாதிரி டம்ளர்ல குடுங்க" என்றேன். "கழுவாம கெடக்குது" என்றாள். "கழுவித் தரேன், எங்க இருக்குது?" என்றேன். என் முகத்தையே பார்த்தாள். எழுந்து உள்ளே போனவள் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கையில் டம்ளர் இருந்தது. புத்தம் புதியது, கடை ஸ்டிக்கர் கூட உரிக்கவில்லை. நான் போன பிறகு அதை என்ன செய்தாளோ. குடித்தேன்.

அதற்கப்புறம்தான் அவள் வாய் திறந்தாள். அப்படியே எழுதுகிறேன்.

"போன மாசம் ஆதி யாரோ ரவியோட பொண்டாட்டிய, சரளாவாம், வண்டில வெச்சிக்கினு சுத்தறான்னு பஞ்சர் கடக்காரர் வந்து சொன்னாரு. அது நீதானா?"

ஆமாம் என்றேன். பஞ்சர் கடையில் பெரியவரிடம்: "இவங்க சரளா, கூட வேலை செய்யிற ரவியோட சம்சாரம், ரவி பின்னாடி பஸ்ல வர்றாரு." இதுதான் நீ சொன்னது. நீ எழுதமாட்டாய் என்று தெரிந்துவிட்டது, நானே எழுதிவிட்டேன். என்னை மறைத்ததில் உனக்கு ஊரில் என்ன பெயர் கிடைத்திருக்கிறது பார்.

பிறகு அவள் கேட்டாள்: "இன்னைக்கி வரத் தெரிஞ்சவ, அண்ணன் செத்தப்ப ஏன் வரல? மருமக வாய்க்கரிசி போட வந்தா நாங்க என்ன தடுத்தா இருப்போம்? பட்டிக்காட்டுக்கு வரமாட்டேன், அந்த ஜனங்க மூஞ்சில முழிக்கமாட்டேன்னு நீ சொல்லிட்டதா ஆதி அழுதான். நாங்களும் நம்பிட்டோம். மூணு வருசமா இந்த ஊரு உன்ன வையுது."



மாமா போன அன்றைக்கு விடிகாலையில் அவர் கண்ணை மூடினது நான். தாடையைக் கட்டினது நான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையை மாற்றிவிட்டது நான், ஆண்களெல்லாம் ஆம்புலன்ஸுக்கு அலைந்துகொண்டிருந்தீர்கள். நானும் வருகிறேன் என்று செருப்பு மாட்டிக்கொண்டு நின்றேன். "எடமில்ல மித்ரா, ஸ்ட்ரெச்சருக்கே எடமில்ல" என்றாய். சரி என்று வாசலில் நின்று வண்டி போவதைப் பார்த்தேன். வீட்டைக் கழுவிவிட்டேன். நீ ஊரில் போய் இறங்கி, நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டதாகச் சொல்லி அழுதிருக்கிறாய்.

அவர்கள் என்னைச் சேர்த்துக்கொண்டிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பேப்பர் கப்பை என் கண்ணால் பார்த்தேனே. வாசலோடு நிறுத்தியிருப்பார்கள், திட்டியிருப்பார்கள், அடித்தும் இருக்கலாம். ஆனால் அதை அவர்கள் செய்திருக்க வேண்டும் ஆதி. நீ அவர்களுக்கு வேலை வைக்கவில்லை. எல்லம்மா அத்தை செய்ததை என் எதிரில் உட்கார்ந்து செய்தாள், டம்ளர் கொடு என்று அவளிடம் கேட்க எனக்கு வாய் இருந்தது. நீ செய்ததை என் தாடைக்குக் கீழே வாரை மாட்டிக்கொண்டே செய்தாய். உன்னிடம் எதைக் கேட்பது என்று எனக்கு ஐந்து வருஷமும் தெரியாமல் போயிற்று.

மாமாவைப் புதைத்த இடத்தைக் காட்டச் சொன்னேன். அத்தை கூடவே வந்தாள், கொஞ்சம் தள்ளித்தான் நடந்தாள். கிணற்றுக்குப் பின்னால்தான். அங்கே உட்கார்ந்து அழுதேன். அத்தை என்னைப் போகலாம் என்று அவசரப்படுத்தவில்லை.

நீ பயந்தாய், அதை மன்னிக்க முடியும் என்று இன்னமும் நினைக்கிறேன். பழியை ஏன் என் மேல் போட்டாய்? வெட்கப்பட்டவன் நீ. நான் வெட்கப்பட்டேன் என்று ஏன் சொன்னாய்? இது ஒன்றுக்கு மட்டும் நேராகப் பதில் எழுது. ஒரு வரி போதும். எடுத்து வைத்த பையை நான் இன்னும் பிரிக்கவில்லை.

சங்கமித்ரா


ஜீவனஹள்ளி
9 மார்ச் 2025, சாயங்காலம்

மித்ரா,

அடுத்த ஞாயிறுவரை பொறுக்க முடியாது, பியாட்ரிஸ் அக்காவைக் கெஞ்சி இப்போதே அனுப்புகிறேன்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படிப் போனாய்? அத்தை நேற்று ராத்திரியிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள், எடுக்கவில்லை, எதற்கு என்று இப்போதுதான் தெரிகிறது. சித்தப்பா மகனும் கூப்பிட்டுவிட்டான். நான் அவர்களுக்கு என்ன பதில் சொல்வது? இனிமேல் அந்த ஊரில் நான் தலை காட்ட முடியுமா?

நீ கேட்டதற்கு நிதானமாக எழுதுகிறேன். எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. முதலில் எனக்கு இதைச் சொல், அவர்களிடம் பேசுவதற்கு முன்னால் எனக்குத் தெரிய வேண்டும். பஞ்சர் கடை வழியாகத்தானே போயிருப்பாய், பெரியவர் இருந்தாரா? பால் சொசைட்டி வாசலில் ஆட்கள் இருந்தார்களா? ஊருக்குள் போகும்போதாவது கண்ணாடியை இறக்கியிருந்தாயா?

ஆதி